கிம்ச்சிக்கு முட்டைகோஸ் போதும்

அன்பு மகளுக்கு,

நாக்பூரில் சீன முட்டைகோஸ் கிடைக்காததால், கொரியர்களின் புளித்த காய்கறி ஊறுகாயான கிம்ச்சியைப் போடும் எண்ணத்தையே விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். விட வேண்டாம். சாதாரண முட்டைகோஸில் கிம்ச்சி போடும் வழக்கம் கொரியாவிலேயே உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நம் மாடியில் குடியிருந்த கொரிய அம்மையார் எனக்கு முதலில் கற்றுத் தந்ததும் அதைத்தான். எதை மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றவே கூடாது என்பது பிடிபட்டுவிட்டால், கொரியச் சமையலுக்கு உன் சின்ன அடுப்படியில் இருப்பதே பெரும்பாலும் போதும்.

ஒரு கிலோ கோஸை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, 50 கிராம் கல் உப்பைப் பிசிறி, இரண்டு மணி நேரம் வைத்து, நடுவில் ஓரிரு முறை புரட்டிவிடு. தண்டை வளைத்தால் முறியாமல் மடங்க வேண்டும்; அதுதான் பதம். பிறகு நன்றாக அலசி, நீர் சொட்டாமல் வடித்துக்கொள். ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறிய பின் நசுக்கிய பூண்டு, இஞ்சி, மிளகாய்த் தூள் சேர்த்துக் குழைத்து, கோஸில் ஒட்டும்படி கையால் பிசை. கொரியர்களின் மிளகாய்த் தூள் கொரகொரப்பானது. நிறம் தூக்கலாகவும் காரம் மட்டாகவும் இருக்கும். ஆகவே குண்டூர் மிளகாய் வேண்டாம். காஷ்மீரி மிளகாயை விதை உதறி, மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய அதே பக்குவம் வரும். குழம்புத் தூளை மட்டும் தொடாதே, அதில் மல்லி இருக்கிறது.

கண்ணாடிப் பாட்டிலில் அழுத்தி அடைக்கும்போது மேலே மூன்று விரல் இடம் விட வேண்டும், ஏனெனில் புளிக்கும்போது காற்று கிளம்பிச் சாறு பொங்கும். உங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு நாள் வெளியில் இருந்தால் போதும், பிறகு ஃபிரிட்ஜில் வைத்துவிடு. நாளாகி நன்றாகப் புளித்ததைக் கொட்டிவிடாதே. மீந்த சோற்றோடு வதக்கி, மேலே ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டுச் சாப்பிடுவதற்குப் புளித்த கிம்ச்சிதான் ருசி. நல்லெண்ணெயை அடுப்பை அணைத்த பிறகே ஊற்று. கொரியர்களின் நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது; நம் எண்ணெயில் அந்த வாசனை இல்லாததால், ஒரு கரண்டி வறுத்த எள்ளை நுணுக்கித் தூவிக்கொள்.

மாற்றக் கூடாதவை தொயென்ஜாங் என்ற புளித்த சோயா விழுதும் கொச்சுஜாங் என்ற புளித்த மிளகாய் விழுதும். வேகவைத்த சோயாவைக் கட்டியாகப் பிடித்து, காயவைத்து, உப்பு நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, வடிந்த நீரை சோயா சாஸாகவும் தங்கிய விழுதைத் தொயென்ஜாங்காகவும் பிரித்தெடுக்கும் அந்த உழைப்பை, நம் வீட்டுப் பொருள் எதுவும் ஈடுசெய்யாது. ஜாங் என்று அழைக்கப்படும் இந்த விழுதுகளையும் சோயா சாஸையும் தயாரிக்கும் மரபை யுனெஸ்கோ 2024-இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது. கொச்சுஜாங்குக்குப் பதில் தக்காளி சாஸில் மிளகாய்த் தூள் கலக்கச் சொல்லும் குறிப்புகளை நீ நம்பாதே. ஒரு டப்பா வாங்கினால் மாதக்கணக்கில் வரும், அந்தச் செலவு தகும்.

தொயென்ஜாங் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதும். அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரை எடுத்து வை. அதில் உள்ள மாவுச்சத்துதான் குழம்புக்குக் கொஞ்சம் கனம் கொடுக்கும். அதில் நெத்திலிக் கருவாட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்துவிடு, அதற்கு மேல் விட்டால் கசக்கும். பிறகு விழுதைக் கரைத்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், கடைசியில் டோஃபு (சோயா பனீர்), பச்சை மிளகாய் சேர். கருவாட்டிலும் விழுதிலும் உப்பு இருப்பதால், ருசி பார்க்காமல் உப்புப் போடாதே.

நெத்திலி அங்கே நல்லதாகக் கிடைக்காது என்பதால் அரைக் கிலோ கூரியரில் அனுப்புகிறேன். தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிட்டு, எண்ணெய் விடாமல் லேசாக வறுத்துக்கொண்டு போட்டால் கவிச்சி தெரியாது.

அன்புடன்,
அம்மா