மாரிக்கு முன் கீழறையைக் காப்போம்: ஊரவர்களுக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

கண்ணகை அம்மன் துணை.

பேரன்புக்குரிய ஊரவர்களுக்கும், கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் எமது உறவுகளுக்கும் வணக்கம்.

வாவிக்கரையில் நிற்கும் எமது வாசிகசாலை வீட்டின் கீழறைக்குள் மாரிதோறும் தண்ணீர் ஊறுவதை நிறுத்தும் வேலைக்கு இன்னும் 712,500 ரூபாய் குறைகிறது. ஆகஸ்ட் 15ஆம் திகதிக்குள் முற்பணம் கட்டாவிட்டால் மேசன்மார் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி மழை தொடங்கி, கடலுக்குத் திறக்கும் முகத்துவாரம் வெட்டப்படும்வரை வாவி நிறைந்து கிடக்கும் நாட்களில், ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் கண்டுவிடும் என்பதை இக்கரையில் பிறந்த எவருக்கும் நாம் சொல்லத் தேவையில்லை.

இந்த வீட்டைக் கட்டியவர் வட்டை எனும் வயல்வெளியில் நெல் விதைத்து வாழ்ந்த ஒரு போடியார், அதாவது நிலச்சொந்தக்காரர். நெல்லைக் குளிர்ச்சியாக வைப்பதற்காக நிலமட்டத்துக்குக் கீழே நான்கு அடி இறக்கி, கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு இரண்டடிக் கனத்தில் சுவர் எழுப்பினார். அவருடைய பேரப்பிள்ளைகள் ஒரு சதமும் வாங்காமல் வீட்டை ஊருக்கு எழுதித் தந்தார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் மேலே ஓடுகள் பறந்தபோது, பிள்ளைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் விடியும்வரை காத்தது இந்தக் கீழறைதான். அந்த இரவை நேரில் கண்ட மூத்தோர் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். அறையின் உறுதியில் அவர்கள் வைத்த நம்பிக்கையால்தான் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகளும், கூத்தர் தலையில் அணியும் முடிகளும், வளையம் கட்டிய கரப்புடுப்புகளும், மத்தளங்களும், அம்மன் சடங்கில் பாடப்படும் ஏடுகளும் அங்கே ஒப்படைக்கப்பட்டன.

சென்ற மார்கழியில் பெட்டகத்தைத் திறந்தபோது முடியொன்றின் சிவப்புச் சாயம் கரைந்து அடியில் இருந்த கொப்பியின் எழுத்துகளை மூடியிருந்தது. மத்தளத் தோலில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஏட்டைப் பிரிக்க மனம் துணியாமல், அப்படியே வெள்ளைத் துணியில் சுற்றி மேலே கொண்டுவந்தோம்.

முன்பு இவ்வளவு இல்லாத ஈரம் இப்போது எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். வீட்டின் முன்னுள்ள வீதி உயர்த்தப்பட்டதால் வாவிக்கு ஓடிய மழைநீர் இப்போது சுவரடியில் தேங்குகிறது. கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி உடைந்து அதே இடத்தில் கொட்டுகிறது. மூச்சுவிட்டுக் காய்ந்துகொண்டிருந்த சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசியதால், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி முழங்கால் உயரத்துக்கு உவராகப் பூத்து உதிர்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் உட்புறத்தில் நீர்காப்பு வர்ணம் அடிக்க 165,000 ரூபாய் செலவிட்டோம். மண்ணிலிருந்து தள்ளும் தண்ணீரை உள்ளிருந்து பூசும் வர்ணம் தடுக்காது என்பதை அது ஒரே மாரியில் பாளம்பாளமாகக் கழன்றபோதுதான் உணர்ந்தோம். அந்தத் தவறு நிர்வாக சபையினுடையது. இம்முறை அலுமினியத் தாளைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம். நீர்த்துளிகள் சுவரை நோக்கிய பக்கத்திலேயே திரண்டிருந்ததால், இது அறைக்காற்றின் ஈரமன்று, வெளியிலிருந்து வரும் ஊற்று என்பது தெளிவாயிற்று.

எனவே வேலை வெளியிலிருந்தே நடக்க வேண்டும். அத்திவாரம் சரியாதபடி ஆறடி ஆறடியாக விட்டுவிட்டுத் தோண்டி மண்ணுக்கு முட்டுக் கொடுக்க 420,000 ரூபாய். வெளிச்சுவரைச் செப்பனிட்டு, உட்புறச் சீமெந்தைக் கழற்றிச் சுண்ணாம்பு பூச 385,000. வெளிப்புறம் நீர்காப்புத் தாள் ஒட்டி, அதைக் கல் கிழிக்காமல் மறைப்புப் பலகை வைக்க 510,000. சுவரடியில் சல்லி பரப்பித் துளைக்குழாய் பதித்து, சேரும் தண்ணீரை இறைக்கக் குழியும் பம்பியும் அமைக்க 345,000. புதிய பீலிக்கும், நிலத்தைச் சுவரிலிருந்து வெளியே சரிப்பதற்கும் 180,000. மொத்தம் 1,840,000 ரூபாய். கையில் இருப்பது 1,127,500.

இவ்வளவு சேர்ந்ததே அம்மன் அருளாலும் 128 குடும்பங்களின் பெருமனத்தாலும்தான். ஒரு நாள் மீன்பாட்டின் வருமானம் முழுவதையும் தந்த வாவி மீனவர்களுக்கும், பம்பியைக் கொள்விலைக்கே தர முன்வந்த காத்தான்குடி வியாபாரிக்கும், கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்து தம் பெற்றோரின் பெயரால் பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கும், இரண்டு நாள் கூலியில்லாமல் உழைப்பதாக வாக்களித்த இளைஞர்களுக்கும் நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம். இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அம்மா, 1978இல் அதே அறைக்குள் தன்னைத் தாய் மடியில் வைத்திருந்ததாகச் சொல்லி, முந்தானையில் முடிந்துவந்த 2,500 ரூபாயை எம் கையில் வைத்தார். அதை வாங்கியபோது எமக்குப் பேச்சு வரவில்லை.

எமது ஊரில் குடும்பங்கள் 310. இன்னும் தராத 182 குடும்பங்களும் தலா 4,000 ரூபாய் தந்தாலே குறை தீர்ந்துவிடும். வறுமைப்பட்ட வீடுகளை நாம் நெருக்கவில்லை. இயன்றதைத் தந்தால் போதும். ஆனால் சடங்குக்கு வந்து முன்வரிசையில் இருந்து கூத்துப் பார்த்தவர்கள், தம் பிள்ளைகளைக் கட்டணமின்றி இங்கே மாலை வகுப்புக்கு அனுப்புபவர்கள், பட்டியலில் தம் குடும்பப் பெயர் இல்லாததை ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு உரிமையோடு கேட்கிறோம்.

நன்கொடையைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டைக் கட்டாயம் பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவு வெள்ளிதோறும் கோயில் முன்றலில் ஒட்டப்படும். ஞாயிறு மாலை நான்கு மணி முதல் கீழறை திறந்திருக்கும். பணம் தருவதற்கு முன் வந்து பாருங்கள். படியிறங்கும்போது முதியோரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசி இரண்டு படிகளும் இந்த வெயிலிலும் ஈரமாகவே இருக்கின்றன.

இங்ஙனம்,
நிர்வாக சபையினர்