மலையேற்ற மிதிவண்டியில் எடையை எங்கே குறைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றப் பந்தயங்களுக்கான எடை குறைந்த மிதிவண்டிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு விளையாட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், வண்டியின் எடை பாதியானால் ஏறும் நேரமும் ஏறத்தாழப் பாதியாகும் என்று பொருள்படும்படி அதில் எழுதியிருப்பது சரியன்று. அதை நம்பி யாரேனும் பிரேக்கிலும் ஹேண்டில்பாரிலும் கைவைத்துவிடக்கூடும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு ஆழமாக வேரூன்றிய நாடு பிரிட்டன். லண்டனின் கேட்ஃபோர்டு சைக்கிள் மன்றம் 1887-இல் தொடங்கிய மலையேற்றப் போட்டி இப்போது கென்ட்டில் உள்ள யார்க்ஸ் ஹில்லில் நடைபெறுகிறது. தேசிய சாம்பியன் போட்டியின் வரலாறு 1944-இல் தொடங்குகிறது. பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வென்ற கிறிஸ் போர்டுமன், 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இந்தத் தேசியப் பட்டத்தை வென்றவர். கோடைக்காலப் பந்தயங்கள் ஓய்ந்த பிறகு, இலையுதிர் காலத்தில், வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மோதும் போட்டிகள் இவை. பல ஏற்றங்கள் ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு 2000-ஆம் ஆண்டு முதல் விதித்துள்ள 6.8 கிலோ என்ற குறைந்தபட்ச எடை வரம்பு இந்த உள்ளூர்ப் போட்டிகளுக்குப் பொருந்தாததால், எடைக்குறைப்பு அங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது.

இனி கணக்குக்கு வருகிறேன். மலை ஏறும்போது கால்கள் தூக்கிச் செல்வது வண்டியை மட்டுமன்று, ஓட்டுபவரையும் சேர்த்துத்தான். 68 கிலோ எடையுள்ளவர் 7 கிலோ வண்டியில் ஏறினால் மொத்தம் 75 கிலோ. வண்டியில் ஒரு கிலோவைக் குறைத்தால், மொத்த எடையில் குறைவது நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில், நான்கு நிமிடம் பிடிக்கும் ஏற்றத்தில், அது தரும் லாபம் ஏறத்தாழ 3 நொடி. சக்கரத்தில் குறைக்கும் எடைக்கு இரட்டிப்புப் பலன் உண்டு என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. வேகத்தைக் கூட்டும் கணத்துக்கு மட்டுமே அது பொருந்தும். சீரான வேகத்தில் ஏறும்போது ரிம்மில் குறையும் நூறு கிராமும் சீட்டில் குறையும் நூறு கிராமும் ஒன்றே. மூன்று நொடி அற்பமானதன்று, முடிவுப் பட்டியலில் சில இடங்களை மாற்றிவிடக்கூடியதுதான். ஆனால் அது எந்த விலையில் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2020-இல் வெளிவந்த, ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஏதோஸ் வண்டியின் உயர்ரக ஃபிரேம் 585 கிராம்தான் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஒரு கிலோவை ஒட்டிய சாதாரணக் கார்பன் இழை ஃபிரேமைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினால் மிச்சமாவது 400 கிராம். செலவோ ஆயிரக்கணக்கான பவுண்டுகள். முக்கால் லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலையும் அதன் தாங்கியையும் கழற்றி வைத்தால் அதைப்போல் இரு மடங்கு எடை செலவே இல்லாமல் குறையும், நான்கு நிமிடப் பந்தயத்தில் எவரும் தண்ணீர் குடிக்கப்போவதில்லை. சீட்டுக்கடியில் தொங்கும் கருவிப் பையும் அப்படியே. முன்பக்கம் ஒரே பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு, முன் கியரை மாற்றும் கருவி, அதன் கேபிள், சிறிய பல்சக்கரம் ஆகியவற்றை நீக்கினால் இன்னும் ஏறத்தாழ 200 கிராம் குறையும். வழக்கமான ரப்பர் டியூப்களுக்குப் பதிலாக டிபியு என்ற மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன டியூப்களைப் போட்டால் இரண்டு சக்கரத்துக்குமாக நூறு கிராமுக்கு மேல் மிச்சம். கட்டுரையாளர் விலையுயர்ந்த உதிரிகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் விட்டது எனக்கு வியப்பளித்தது.

ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியை அறுத்துவிடும் வழக்கத்தைக் கட்டுரை போகிறபோக்கில் பாராட்டியிருந்தது. ஏறும்போது அந்தப் பகுதியை யாரும் பிடிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் கார்பன் குழாயை அறுப்பதற்கு முறை இருக்கிறது. அறுக்கும் கோட்டின் மேல் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, நுண்பல் வாளால், தூள் பறக்காதபடி ஈரப்படுத்தி, முகமூடி அணிந்து, மெதுவாக அறுக்க வேண்டும். அறுத்த விளிம்பில் இழை பிரிந்து நிற்கிறதா என்று விரலால் தடவாமல் கண்ணால் பார்த்து, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, பசை பூசி மூடிய பிறகு, முனைக்கு அடைப்பான் போட வேண்டும். திறந்த குழாய் முனையின் மேல் விழுபவருக்கு நேரும் காயம் சிறியதாக இராது.

போல்ட்டுகளை அலுமினியத்துக்கு மாற்றலாம் என்ற ஆலோசனைதான் மிகவும் கவலைக்குரியது. பாட்டில் தாங்கி போன்ற சுமையில்லாத இடங்களில் அது செல்லும். ஹேண்டில்பாரைக் கவ்வும் போல்ட்டுகளிலும், சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளிலும், பிரேக்கிலும் கூடாது. அங்கே எஃகோ, தரமான டைட்டானியமோதான் இருக்க வேண்டும். அதையும் முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால், உதிரியின் மேல் அச்சிட்ட அளவுக்கு மிகாமல் முறுக்க வேண்டும். எடை குறைந்த சீட், சக்கரம் முதலியவற்றில் பல, ஓட்டுபவரின் எடைக்கு ஓர் உச்சவரம்பு குறித்தே விற்கப்படுகின்றன என்பதையும் வாங்குபவர் கவனிக்க வேண்டும். மேலும், ஏறிய மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். பெடலோடு சக்கரமும் சேர்ந்தே சுழலும் ஃபிக்ஸ்டு கியர் வண்டியில், பின்சக்கரத்துக்கு பிரேக் தேவையில்லை என்று பிரிட்டன் விதி அனுமதிக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் அந்த வண்டியில் காலை ஓயவிட முடியாததால், இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதே நல்லது.

தங்கள் இதழ் இத்தகைய கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்பது என் விருப்பம். அடுத்த முறை ஒரு வண்டியின் எடையை அச்சிடும்போது, அதை ஓட்டியவரின் எடையையும் ஏற்றத்தின் நீளத்தையும் சரிவையும் உடன் அச்சிட்டால், அந்த எண்ணின் மதிப்பை வாசகர்கள் தாங்களே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
க. மு.
செவனோக்ஸ், கென்ட்