ஒப்பந்தத் திட்ட மேலாளரைத் தேடும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னையில் இயங்கும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள், பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் உலகளாவிய திறன் மையங்கள் ஆகியவற்றின் ஆள்சேர்ப்புத் தலைவர்களுக்கும், அவர்களுக்காக ஒப்பந்தப் பணியாளர்களைத் தேடித் தரும் ஏஜென்சிகளுக்கும்.

வணக்கம்.

ஓர் ஒப்பந்தம் முடியப்போகிறது என்று தெரிந்ததுமே அடுத்ததைத் தேடத் தொடங்குவது என்னைப் போன்ற ஃப்ரீலான்ஸ் திட்ட மேலாளர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் துறையில் இருக்கிறேன். பாதிக்காலம் நிரந்தர வேலை, மீதி ஒப்பந்த அடிப்படையில். நிரந்தர வேலையை விட்டதற்காக வருந்தியதில்லை. வேலையில்லாத மாதங்களுக்கும் சேர்த்துச் சேமித்து வைக்கத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறோம். ஆகவே இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. உங்களிடம் வேலை இருக்கிறது, எங்களிடம் அனுபவம் இருக்கிறது, இரண்டுக்கும் குறுக்கே உங்கள் நடைமுறை நிற்கிறது. அதை மாற்றும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

முதல் தொலைபேசி அழைப்பிலிருந்தே தொடங்குகிறேன். அழைப்பவர் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞராக இருப்பார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நாளொன்றுக்கு இத்தனை பேரை அழைத்தாக வேண்டும் என்று அவருக்கு இலக்கு வைத்திருப்பவர்கள் நீங்கள். "பெரிய பன்னாட்டு நிறுவனம் சார், ஓஎம்ஆரில், உடனடித் தேவை" என்பார். எந்த நிறுவனம் என்று கேட்டால் சொல்ல அனுமதியில்லை என்பார். என்ன திட்டம் என்று கேட்டால் விவரத்தை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்வார். மாதத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டால், "நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். பிறகு படிவத்தை எடுப்பார். தற்போதைய ஆண்டுச் சம்பளம் எவ்வளவு? எத்தனை சதவீத உயர்வு வேண்டும்? நோட்டீஸ் காலம் எத்தனை நாள்? கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு இருக்கிறதா? எனக்கு ஏது சம்பளச் சீட்டு? பில்கள் இருக்கின்றன. ஜிஎஸ்டி கணக்கு இருக்கிறது. வாடிக்கையாளர்கள் என் பெயரில் பிடித்துக் கட்டிய வரி, வருமான வரித்துறையின் பதிவில் வருடவாரியாக இருக்கிறது. அந்தப் படிவத்தில் இவற்றை எழுத இடமில்லை. பல சமயம் பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

நிறுவனத்தின் பெயரை மறைப்பதால் வரும் கேடு இதைவிடப் பெரியது. ஒரே காலியிடத்தை ஐந்தாறு ஏஜென்சிகளிடம் ஒரே நாளில் தருகிறீர்கள். ஒவ்வொரு ஏஜென்சியும், "இந்த வேலைக்கு என்னைப் பரிந்துரைக்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே" என்று எங்களிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்குகிறது. எந்த நிறுவனத்தில் எந்த வேலை என்று தெரியாமல் அந்த உறுதியை நாங்கள் எப்படித் தருவது? ஒருவர் தரமணி என்பார், இன்னொருவர் பெருங்குடி என்பார். வேலை விவரத்தின் சொற்களைக்கூட மாற்றி அனுப்புவார்கள். இரண்டும் ஒரே இடம் என்பது, உங்கள் கணினி ஒரே பெயர் இருமுறை வந்திருக்கிறது என்று கண்டு இரண்டையும் ஒதுக்கிய பிறகுதான் தெரியவரும். அதுவும் யாராவது மனமிரங்கிச் சொன்னால்தான். ஏஜென்சியைத் தாண்டி நாங்கள் நேரடியாக உங்களிடம் வந்துவிடுவோம் என்ற அச்சத்தால்தான் பெயரை மறைக்கிறார்கள். அதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஏஜென்சி அறிமுகப்படுத்தியவரைக் குறிப்பிட்ட காலம்வரை நேரடியாக எடுக்க மாட்டோம் என்று நீங்களும் ஏஜென்சியும் உங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

எங்கள் சுயவிவரக் குறிப்பு உங்கள் மேசைக்கு வந்து சேரும் கோலத்தையும் சொல்ல வேண்டும். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் நீக்கப்பட்டு, தலைப்பில் ஏஜென்சியின் முத்திரை ஏறியிருக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை. ஒரு நேர்முகத்தில் எதிரே அமர்ந்திருந்தவர், நான் ஒருநாளும் தொட்டிராத ஒரு மென்பொருளைப் பற்றி அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டார். அவர் கையிலிருந்த தாளில் அந்த மென்பொருளில் எனக்கு ஆறாண்டு அனுபவம் என்று அச்சாகியிருந்தது. நான் அனுப்பிய பிரதியில் அந்த வரி கிடையாது. அதை அவரிடம் சொன்னேன். பேச்சு அதற்கு மேல் நகரவில்லை. பொய்யைச் சேர்த்தது யாரோ, பொய்யன் என்ற பெயர் எனக்கு. எங்கள் குறிப்பை எங்கள் ஒப்புதலோடு, நாங்கள் கையெழுத்திட்ட பிடிஎஃப் கோப்பாக மட்டும் ஏற்பது என்று நீங்கள் முடிவு செய்தால் இந்த வழக்கம் ஒரே மாதத்தில் ஒழியும்.

இன்னொன்று இருக்கிறது. எங்களுக்குள் நெடுநாளாகப் பேசிக்கொள்வது, வெளியே யாரும் எழுதுவதில்லை. அரசுத் துறைகளின் மென்பொருள் ஒப்பந்தப்புள்ளிகளில், தொழில்நுட்ப மதிப்பீட்டின்போது திட்ட மேலாளரின் தகுதிக்கும் அனுபவத்துக்கும் தனி மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண்ணுக்காக மூத்தவர்களின் குறிப்பை அவசரமாகத் திரட்டுகிறார்கள். "நாளை காலைக்குள் சான்றிதழ் நகல்களோடு வேண்டும்" என்று அழைப்பு வருகிறது. அனுப்பிய பிறகு தகவலே இருக்காது. ஒப்பந்தப்புள்ளி கிடைத்துவிட்டால், "குறிப்பிட்ட நபர் தற்போது கிடைக்கவில்லை" என்று சொல்லி, குறைந்த ஊதியத்துக்கு ஒத்துக்கொள்ளும் வேறொருவரை அந்த இடத்தில் வைக்கிறார்கள். கிடைக்கவில்லையாம்! நான் வீட்டில்தான் இருந்தேன், தொலைபேசியும் கையில்தான் இருந்தது. ஒப்பந்தப்புள்ளிக்காக என்றால் அப்படியே சொல்லிக் கேளுங்கள். வேலை கிடைத்தால் எனக்குத்தான் என்று எழுத்தில் தந்தால் மகிழ்ச்சியோடு அனுப்புவேன். எனக்குத் தெரியாமல் என் பெயரைப் பயன்படுத்துவது, மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு திட்டத்தின் தேர்வையே பொய்யாக்குவது ஆகும்.

நேர்முகத்துக்கு வருவோம். வாட்டர்ஃபால், அஜைல் என்ற இரண்டு திட்டம் நடத்தும் முறைகளுக்கும் என்ன வேறுபாடு என்று இருபதாண்டு அனுபவம் உள்ளவரிடம் கேட்பதால் யாருக்கும் பயனில்லை. திட்ட மேலாளருக்கான பிஎம்பி சான்றிதழின் நகலை மூன்று முறை கேட்பதாலும் பயனில்லை. அதை வழங்கும் பிஎம்ஐ அமைப்பின் இணையப் பதிவேட்டிலேயே பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 பயிற்சிப் புள்ளிகளைக் காட்டி அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறோம். வார இறுதியில் ஒரு முழுத் திட்ட அட்டவணையைச் செலவு மதிப்பீட்டோடு இலவசமாகத் தயாரித்துத் தரச் சொல்லிவிட்டுப் பிறகு மௌனமாகிவிடும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

எங்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, பழைய மென்பொருளை விட்டு, இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் புதிய ஈஆர்பி மென்பொருளுக்கு மாறியது. வெள்ளிக்கிழமை மாலை பழையதை நிறுத்தி, திங்கள் முதல் ஷிப்டில் புதியதைத் தொடங்க வேண்டும். ஞாயிறு பிற்பகல்வரை கிடங்கில் எண்ணிய இருப்பும் கணினியில் ஏறிய இருப்பும் ஒத்துப்போகவில்லை. சில பொருள்களைக் கிடங்கில் பெட்டிக் கணக்கிலும் கணினியில் உருப்படிக் கணக்கிலும் எழுதியிருந்தார்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின் இன்வாய்ஸ் கட்டாயம். இருப்பு சரியாகாமல் அந்த இன்வாய்ஸ் போட முடியாது, இன்வாய்ஸ் இல்லாமல் லாரி வாசலைத் தாண்டாது, லாரி போகாவிட்டால் வாங்கும் நிறுவனத்தின் உற்பத்தி நின்றுவிடும். நிரலாளர்கள் எல்லாப் பொருளையும் ஒன்றுவிடாமல் திருத்த முனைந்தார்கள். அதைத் தடுத்தேன். திங்கள் காலை எந்தெந்தப் பொருள் போக வேண்டும் என்று அனுப்புகைப் பிரிவு மேற்பார்வையாளரிடம் பட்டியல் வாங்கி, அவற்றை மட்டும் மறுபடி எண்ண வைத்தோம். மீதியைச் செவ்வாய்க்குத் தள்ளினோம். பழைய மென்பொருளுக்குத் திரும்புவதானால் இரவு 10 மணிக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று நிதிப்பிரிவுத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதலும் பெற்றோம். திங்கள் காலை லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின.

ஒப்பந்தத் திட்ட மேலாளரிடம் நீங்கள் விலைக்கு வாங்குவது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். பாதியில் கையேற்ற திட்டம் எது, அங்கே முதல் வாரத்தில் என்ன செய்தீர்கள், எதைச் செய்ய மறுத்தீர்கள் என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். "ஏன் இத்தனை இடங்களில் குறுகிய காலம் வேலை செய்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். ஒன்பது மாதத் திட்டம் ஒன்பது மாதத்தில் முடிந்ததென்றால் அது எங்கள் வெற்றி. வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு, "இந்தப் பொறுப்புக்கு உங்கள் அனுபவம் அதிகம்" என்ற பதில் வருகிறது. அதே திட்டம் ஆறு மாதம் தாமதமான பிறகு, அதைத் தூக்கி நிறுத்த அவரைத்தான் தேடி வருகிறீர்கள்.

இனி பணம். மாதம் 3 லட்சம் ரூபாய்க்கு பில் போடும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி 54,000 ரூபாய். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் அதை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா இல்லையா என்று வரித்துறை பார்ப்பதில்லை. 90 நாள் கழித்துப் பணம் என்றால் ஜனவரி மாத பில்லுக்கு மே மாதம்தான் பணம் வரும். அதற்குள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பில்களுக்காக 1,62,000 ரூபாயை அவர் சொந்தக் காசிலிருந்து கட்டியிருப்பார். வருகிற பணத்திலும் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் என்ற வருமான வரிப் பிடித்தமாகப் போய்விடும். நடுவில் இரண்டு ஏஜென்சிகள் இருந்து, "வாடிக்கையாளர் எங்களுக்குத் தந்த பிறகே உங்களுக்குத் தருவோம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மே மாதமும் நிச்சயமில்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் நடைமுறை மூலதனத்தைத் தனியொரு மனிதரின் சேமிப்பு தாங்கிக்கொண்டிருக்கிறது.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை என்பது உங்கள் நிதிப்பிரிவுக்குத் தெரியும். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு சேவையாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். ஒப்பந்தத்தில் 90 என்று எழுதிக்கொண்டாலும் எல்லை 45 தான். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை, மாதாந்திரக் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவு, அந்தக் காலக்கெடுவுக்குள் தராத தொகையை உண்மையில் தரும் ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்று சொன்னது. தனியாளாகத் தொழில் செய்பவரும் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்துக் கட்டணமில்லாமல் உத்யம் பதிவு பெறலாம். நான் பெற்றிருக்கிறேன். பணம் தாமதமானால் புகார் தர, அரசு அமைத்த வசதிக் குழுவும் இருக்கிறது. ஆனால் புகார் தந்தவரை அந்த ஏஜென்சி மறுபடி அழைக்காது, அதன் நண்பர்களும் அழைக்க மாட்டார்கள். அதனால்தான் சட்டத்தின் வழியே போகாமல் உங்களிடம் பேசுகிறேன். உங்களில் சிலருடைய தலைமையகம் நியூயார்க்கில் இருக்கிறது. அந்த நகரில் ஃப்ரீலான்ஸ் பணியாளர்களுக்கென்று 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 800 டாலர் முதலான வேலைக்கு எழுத்து ஒப்பந்தத்தையும், வேறு தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணத்தையும் கட்டாயமாக்குகிறது. அங்கே கடைப்பிடிக்கும் ஒழுங்கு சோழிங்கநல்லூருக்கு வரும்போது ஏன் கரைந்துபோகிறது?

நான் கேட்பவை எவையும் உங்களுக்குச் செலவு வைப்பவை அல்ல. முதல் மின்னஞ்சலிலேயே நிறுவனத்தின் பெயர், திட்டம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, மாதத் தொகையின் வரம்பு, எத்தனை மாதம், பில் போட்ட எத்தனையாவது நாளில் பணம் என்பதையெல்லாம் எழுதுங்கள். எங்களை மறுப்பதானால் ஒரே வரியில் மறுத்துவிடுங்கள், அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். நடுவில் ஓர் ஏஜென்சி போதும். அதன் பங்கு எவ்வளவு என்று எங்களுக்கும் தெரியட்டும். அவர்கள் உழைப்புக்கு அவர்கள் பெறும் கூலியை நாங்கள் குறை சொல்லப் போவதில்லை.

உங்கள் விண்ணப்பப் படிவத்தை ஒப்பந்தப் பணியாளருக்குப் பொருந்தும்படி மாற்றி எழுத விரும்பினால், நானும் இதே தொழிலில் உள்ள நண்பர்கள் சிலரும் உங்கள் அலுவலகத்துக்கு வந்து உடனிருந்து செய்து தருகிறோம். அதற்குக் கட்டணம் வேண்டாம். கிண்டியோ சிறுசேரியோ, நாளைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஓர் ஒப்பந்தத் திட்ட மேலாளர்