கல்லோயாவுக்கு போறவங்க குப்பைய விட்டுட்டு வாறாங்க

ஆசிரியருக்கு, இங்கினியாகலைக்கு போய் சேனநாயக்க சமுத்திரம்ங்கிற பெரிய குளத்துல போட்ல சுத்திப்பாத்து காட்டுக்குள்ள கேம்பிங் பண்றத பத்தி போன ஞாயிறு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய வாசிச்சன், நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா அங்க போறவங்க விட்டுட்டு வாற குப்பைய பத்தி ஒரு வரி கூட இல்ல. 1954ல கல்லோயா தேசிய பூங்காவ அமைச்சதே அந்தக் குளத்துக்கு தண்ணி வாற காட்ட காப்பாத்தத்தான், சம்மாந்துறை, அக்கரைப்பற்று பக்க வயலெல்லாம் அந்தத் தண்ணியிலதான் விளையுது.

போன ஆகஸ்ட்ல கல்முனையில இருந்து நாங்க ஆறு பேர் போனம். தீவொண்டுல இருந்து மத்தத் தீவுக்கு ஒரு யானை நீந்திப் போச்சு, தும்பிக்கை நுனியும் நெத்தியும் மட்டும்தான் தண்ணிக்கு மேல, போட்காரர் எஞ்சின நிப்பாட்டிட்டார், ஒருத்தரும் மூச்சு விடல்ல. பின்னேரம் கூடாரம் அடிக்கப் போன இடத்துல பாத்தா யாரோ சோறு கட்டின லஞ்ச் சீட், அதுல கறி மணம் இன்னும் போகல்ல, பக்கத்துலயே யானை லத்தி, அதுக்குள்ளயும் பொலித்தீன் துண்டு. வயிறெரிஞ்சுது. பொறுக்கினதுல உரப்பை ஒண்டரை நிறைஞ்சுது.

ஹோட்டன் சமவெளி தேசிய பூங்காவுல வாசல்லயே பையத் திறந்து பொலித்தீன எடுக்கிறாங்க. இங்கயும் அப்பிடிச் செய்யணும், கேம்பிங் போறவங்ககிட்ட கொண்டுபோற போத்தல எண்ணி ஒரு காசு வாங்கி வச்சு, திரும்பி வரக்குள்ள எண்ணிக்கை சரியா இருந்தா மட்டும் அதக் குடுக்கணும். அறிவித்தல தமிழ்லயும் பெரிசா எழுதிப் போடுங்க.

வாசகர்,
கல்முனை