கரடி செய்தியில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் ‘கரடி தாக்கிக் குடும்பஸ்தர் படுகாயம்’ என்று ஒரு செய்தி வந்திருந்தது. மொத்தம் ஐந்து வரி. தேன் எடுக்கக் காட்டுக்குப் போனவரைக் கரடி தாக்கியது, அவர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார், மேலதிக விசாரணை நடக்கிறது என்பதோடு முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கரடிப் படம். அந்தப் படத்தில் இருந்தது எங்கள் நாட்டுக் கரடி அல்ல. அது வட அமெரிக்காவில் ஆற்றுக்குள் நின்று மீன் பிடிக்கும் கபில நிறக் கரடி. இலங்கையின் கரடி கறுப்பு. மூஞ்சி மட்டும் வெளிறியிருக்கும், நெஞ்சில் வெளிர் நிறத்தில் ஒரு வளைவு இருக்கும். மீன் பிடிக்காது. அதன் சாப்பாடு கறையான், தேன், பாலைப்பழம், வீரைப்பழம்.

படத்தை மட்டும் திருத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தச் செய்தியில் நான் தேடியது வேறு. அவர் எத்தனை மணிக்குப் போனார்? தனியாகவா, ஆட்களோடா? கரடி படுத்திருந்ததா, தின்றுகொண்டிருந்ததா, குட்டியோடு நின்றதா? இவை ஒன்றும் அதில் இல்லை. காட்டோரத்தில் இருக்கிற எங்களுக்கு இவைதான் செய்தி.

நான் நெடுங்கேணிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். போரால் இடம்பெயர்ந்திருந்த காலம் தவிர மற்றெல்லா வருடமும் இங்கேதான், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். 2011இல் நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வளவுகளே காடாகிக் கிடந்தன. கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த வருடம் ஆடி மாதம் என் மச்சான் பாலைப்பழம் பொறுக்கப் போனார். கையில் பணம் இல்லாத காலம். பழத்தை றோட்டோரத்தில் வைத்து விற்றால் அன்றைய அரிசிக்குக் காசு வரும். மற்றவர்கள் பொறுக்குவதற்கு முன்னம் போய்விட வேண்டும் என்று விடியப்புறம், வெளிச்சம் நன்றாக வராத நேரத்தில், கையில் ஒரு வாளியோடு தனியாகப் போயிருக்கிறார். செருப்பும் இல்லை. இலை ஈரமாக இருந்ததால் நடக்கிற சத்தமே கேட்கவில்லை. மரத்துக்குக் கீழே விழுந்து கிடந்த கட்டையைத் தாண்டிக் கால் வைத்தபோது அதற்கு அப்பால் கரடி நின்றிருக்கிறது.

அவருக்கு ஒரு கண் போய்விட்டது. தலைத் தோலை இழுத்துத் தைத்தார்கள். இன்றைக்கும் தொப்பி இல்லாமல் வெளியே வரமாட்டார். ஆனால் கரடியைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்: “அது என்னைத் தேடி வரேல்ல. நான்தான் அதின்ர சாப்பாட்டுக்குள்ள போய் நிண்டனான்.”

அவர் சொல்வது சரி. கரடிக்குக் கண்பார்வை மட்டம், மூக்குத்தான் அதற்கு எல்லாம். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் நாங்கள் பக்கத்தில் வரும்வரை அதற்குத் தெரியாது. தெரிகிற நேரத்தில் ஓட அவகாசம் இருக்காது, பாயும். பாய்ந்தால் எழும்பி நின்று முகத்தையும் தலையையும்தான் பிடிக்கும். இரையாக நினைத்து அது மனிதரைப் பிடிப்பதில்லை. பயந்து அடிக்கிற அடி அது. புற்றை உடைக்கிற நீள நகம் என்பதால் அந்த ஒரு அடியே போதும்.

ஒரு தடவை குளக்கட்டுக்குப் பின்னால் விறகு வெட்டப் போனபோது, பற்றைக்குள்ளே யாரோ சைக்கிளுக்குக் காற்று அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. விட்டு விட்டு, ‘உஸ், உஸ்’ என்று. என்னோடு வந்த பெரியவர் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். கரடி புற்றை உடைத்து, வாயைக் குழல்போலக் குவித்து, முதலில் மண்ணை ஊதித் தள்ளி, பிறகு கறையானை உறிஞ்சுகிற சத்தம் அது. உறிஞ்சும்போது மண் உள்ளே போகாமல் மூக்குத் துவாரத்தை அதனால் மூடிக்கொள்ள முடியும். மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் அதற்குக் கிடையாது, அந்த இடைவெளி வழியாகத்தான் இழுக்கும். கிட்டத்தட்ட நூற்றெண்பது மீற்றர் தூரத்துக்கு அந்தச் சத்தம் கேட்கும். அவ்வளவு சத்தத்தோடு தின்னும்போது எங்கள் காலடி அதற்கு எப்படிக் கேட்கும்? நாங்கள் பேசாமல் வந்த வழியே திரும்பிவிட்டோம். அந்தச் சத்தம் எது என்று தெரியாத ஒருவர் என்ன என்று பார்க்கக் கிட்டப் போயிருப்பார்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது எல்லாம் தெரியும். பாலை பழுக்கிற ஆனி, ஆடியில் வெயில் ஏறின பிறகுதான் காட்டுக்குள் இறங்குவார்கள். நாலைந்து பேராகப் போவார்கள், பேசிக்கொண்டே போவார்கள், தகரத்தில் தட்டுவார்கள். மரத்துக்குக் கீழே பொறுக்கக் குனிவதற்கு முன் மேலே பார்ப்பார்கள், ஏனென்றால் கரடி மரம் ஏறும். பாலை விதை பளபளவென்று நிறைந்த எச்சம் ஈரமாகக் கிடந்தால் அந்த மரத்தை விட்டுவிடுவார்கள். தாய்க்கரடி குட்டியை மாதக்கணக்கில் முதுகில் சுமந்து திரியும் என்பதும், அப்படிக் கண்டால் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இடப்பெயர்வில் ஒரு தலைமுறைக்கு இந்த அறிவு கைமாறாமல் போய்விட்டது. முகாமில் வளர்ந்த பிள்ளை காட்டை எங்கே படித்திருக்கும்? அந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்கு முப்பது வயது ஆட்களாகக் காட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள், ஃபோனிலாவது.

யானைச் செய்திகளும் இப்படித்தான். ‘காட்டு யானைகள் அட்டகாசம்’ என்ற தலைப்பை எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்! 2023இல் மட்டும் இந்தத் தீவில் 400க்கு மேல் யானைகளும் 150க்கு மேல் மனிதரும் இந்த மோதலில் செத்தார்கள். இவ்வளவு சாவு நடக்கிற விஷயத்துக்கு ‘அட்டகாசம்’ என்ற ஒரு சொல்லை வைத்து முடிப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது. இரவில் வயலுக்கும் வாழைக்கும் வருவது பெரும்பாலும் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ திரிகிற ஆண் யானைகள். கிழட்டுப் பெண் யானைக்குப் பின்னால் குட்டிகளோடு போகிற கூட்டம் மனிதரை விட்டு விலகித்தான் நிற்கும். விரட்டினால் அந்தக் கூட்டம்தான் போகும், வயலுக்கு வந்த ஆண் யானை அங்கேயே நிற்கும், முன்பைவிடக் கோபத்தோடு. பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நெல் மூட்டை வீட்டுக்குள் வந்ததும் யானை அந்த வாசனைக்குத்தான் சுவரை உடைக்கிறது. நெல்லை ஆட்கள் படுக்கிற அறையில் அடுக்காதீர்கள் என்று அந்த மாதத்தில் ஒரு வரி போட்டால் எத்தனை பேருக்கு உதவும்! அப்புறம், யானைப் படம் போடும்போது பெரிய தந்தத்தோடு ஒன்றைத் தேடிப் போட வேண்டாம். எங்கள் நாட்டு ஆண் யானைகளில் நூற்றுக்கு ஏழு அளவுக்குத்தான் தந்தம் உண்டு. தந்தம் இல்லாததைப் பெண் யானை, சாது என்று நினைத்துக் கிட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலை ஊருக்குள் ‘புகுந்தது’ என்றும் எழுதுகிறீர்கள். ஆவணியில் குளம் வற்றினால் முதலை சேற்றுக்குள்ளோ கரைப் பொந்துக்குள்ளோ பதுங்கும், இல்லாவிட்டால் இரவோடு இரவாக அடுத்த குளத்துக்கு நடக்கும். எங்கள் ஊர் இரண்டு குளத்துக்கு நடுவில் இருக்கிறது. வேறு எந்த வழியால் அது போகும்?

சிறுத்தையைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையை அடித்தே கொன்றார்கள். அதற்கு முன் அது பலரைக் காயப்படுத்தியிருந்தது, காயப்பட்டவர்களில் வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரும் இருந்தார். அந்த மக்களின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் பிள்ளை அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் தடி எடுத்திருப்பேன். ஆனால் சிறுத்தை பகலில் பற்றைக்குள் ஒளிந்து கிடந்து இருட்டினதும் போகிற மிருகம். சுற்றி நூறு பேர் நின்று எல்லா வழியையும் அடைத்தால் அது என்ன செய்யும்? வழியை விட்டு விலகுங்கள், சனத்தைக் கூட்டாதீர்கள் என்று அந்தக் காலை யாராவது சொல்லியிருந்தால் அத்தனை பேர் காயப்பட்டிருக்கமாட்டார்கள், அந்த உயிரும் போயிருக்காது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2020 மே மாதம், மலையகத்தில் நல்லதண்ணிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கறுஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டி, பிடித்துக்கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்துப்போனது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பி ஆளைப் பார்த்துப் பிடிப்பதில்லை. சிறுத்தை ஒற்றையடிப் பாதைகளில் நடக்கிற பழக்கமுள்ளது, அதே பாதைகளில்தான் சுருக்கும் வைக்கப்படுகிறது.

நான் உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மழை வருமென்றால் முன்கூட்டியே போடுகிறீர்கள், காற்று பலமாக இருக்கும் என்றால் கடலுக்குப் போகாதீர்கள் என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதுபோல மாதத்துக்கு ஒரு தடவை, எந்த மிருகம் எங்கே, எதற்காக நடமாடும் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். திணைக்களத்தில் இதற்கென்று படித்த உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், பல்கலைக்கழகங்களில் விலங்கியல் துறைகள் இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள். எங்கள் ஊர்களில் மிச்சம் இருக்கிற பெரியவர்களிடமும் உங்கள் நிருபர்களை அனுப்புங்கள். தாக்குதல் செய்தி எழுதும்போது நேரம், இடம், ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற மூன்றையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இலங்கையில் இந்தக் கரடி ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

வைகாசி பிறந்துவிட்டது. எங்கள் பக்கம் பாலையில் காய் நிறையப் பிடித்திருக்கிறது, இந்த முறை நல்ல விளைச்சல் என்று சனம் இப்போதே வாளி பார்க்கிறது. முதல் பெட்டிச் செய்தி பழம் விழத் தொடங்குவதற்கு முன் வந்தால் நல்லது. கரடியைப் பற்றி எழுத ஆள் தேடினால், என் மச்சான் பேசத் தயார் என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
நெடுங்கேணி.