பொறுமையில்லாத ஏலதாரர்கள் பற்றி

நண்பர்களே, ஈபே போன்ற இணைய ஏலத் தளங்களில் நாம் பொருள் விற்கும்போது, ஏலம் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகாமல் "பார்சல் அனுப்பியாச்சா?" என்று கேட்பவர்களைப் பற்றிப் பலர் புலம்பியிருந்தீர்கள். கோபத்தில் எதையும் டைப் செய்து அனுப்பிவிடாதீர்கள். பணம் வந்துவிட்டது, இன்ன நாளில் அனுப்புகிறேன், டிராக்கிங் எண் இது என்று அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மீதிப் பேருக்குச் சுருக்கமாக ஒரே பதில், அதுவும் தளத்தின் மெசேஜ் பெட்டியிலேயே. போனில் பேசினால், நாளை புகார் வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. ஈபேயில் 2008 முதல் வாங்குபவருக்கு நாம் எதிர்மறை மதிப்பீடு போட முடியாது. ஆனால் ஒருவர் இனி நம்மிடம் வாங்க முடியாதபடி தடுக்கும் பிளாக் பட்டியல் இருக்கிறதே! நான் தயங்காமல் சேர்த்துவிடுவேன். அப்புறம், புகார் வந்தால் காட்ட, பார்சல் கட்டும்போது போட்டோ எடுத்துவையுங்கள்.