பிளேன் கொராய் விமான நிலையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மொரிஷியஸ் நாட்டைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவின் பிராந்திய சபை உறுப்பினர்களுக்கும், அங்குள்ள பிளேன் கொராய் விமான நிலையத்தை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் மொரிஷியசில் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விமானத்தைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் தீவின் கிரேவ் கேரில் இருக்கும் குவீன் எலிசபெத் மருத்துவமனையில் செய்ய முடியாத சிகிச்சைக்கு உங்கள் மக்கள் எங்களிடம்தான் வருகிறார்கள். எங்கள் வார்டில் வந்து படுத்த ரொட்ரிக்ஸ் நோயாளிகள் எல்லோரும் உங்கள் ஓடுபாதையிலிருந்து ஏறி வந்தவர்கள். திரும்பிப் போகிறவர்களைச் சில முறை நானே துணைக்குப் போய் விட்டு வந்திருக்கிறேன்.

ஒரு பாட்டி நினைவில் நிற்கிறார். இதய நோய்க்காக வந்தவர். அதற்கு முன் அவர் விமானம் ஏறியதில்லை. கையில் ஒரு துணிப்பை, அதில் காயவைத்த உரித், அதாவது பேய்க்கணவாய். வார்டு முழுக்க அந்த வாசனை. "மேலேயிருந்து பார்த்தேன் பிள்ளை, நம் தீவைவிடக் காயல் பெரிதாக இருக்கிறதே" என்று கிரியோல் மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். தீவு 108 சதுர கிலோமீட்டர், அதைச் சுற்றிய காயல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வாழ்நாள் முழுதும் அந்தக் காயலில் நடந்து உரித் குத்தியவருக்கு அதன் அளவு தெரிய ஒரு நோய் வர வேண்டியிருந்தது. அந்த ஞாயிறு எங்கள் கோவில் பெண்கள் ஏழு கறியும் சோறும் கொண்டு வந்தார்கள். வாழையிலையில் வைத்துக் கொடுத்தோம், சாப்பிட்டார். ஊருக்குப் போனபின் யார் மூலமாகவோ ஒரு போத்தல் எலுமிச்சை அச்சார் அனுப்பியிருந்தார்.

உங்கள் நிலையத்தின் கதையும் நோயாளிகளின் கதையும் எனக்கு வேறு வேறாகத் தெரிவதில்லை. 1972 வரை உங்களுக்குக் கப்பல்தான். மொரிஷியசிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர், ஒன்றரை நாள் கடல், அதுவும் கப்பல் வந்தால். குடல்வால் வெடித்தவரோ, பிரசவம் சிக்கலானவளோ அடுத்த கப்பல் வரை காத்திருக்க முடியுமா? அந்த ஆண்டு ஆறு பேர் உட்காரும் பைப்பர் நவாஹோ விமானம் இரண்டு தீவுகளுக்கும் நடுவே பறக்கத் தொடங்கியது. ஏர் மடகாஸ்கரிடம் வாடகைக்கு வாங்கிய விமானம் அது. 1975இல் ட்வின் ஆட்டர், 1980களில் ஏடிஆர் 42, பிறகு ஏறத்தாழ 70 பேர் உட்காரும் ஏடிஆர் 72. ஒன்றரை நாள் ஒன்றரை மணி நேரமானது. நிலையத்துக்கு சர் கயெட்டான் டுவால் பெயரை வைத்தீர்கள், ஆனாலும் எங்கள் வாயில் பிளேன் கொராய் என்றுதான் வருகிறது.

இத்தனையும் 1,287 மீட்டர் ஓடுபாதையில் நடந்தது. மொரிஷியசில் எங்கள் பிளேசான்ஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை இதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஒரு முறை நோயாளியோடு காத்திருந்தபோது, ஏன் எல்லாவற்றையும் இப்படி எடை போட்டுப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் பணியாளர் ஒருவரிடம் கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பாதை குட்டை என்பதால் விமானம் அதிக எடையோடு கிளம்ப முடியாது. அப்புறம், அக்கம்பக்கத்தில் வேறு விமான நிலையம் இல்லை. வானிலை கெட்டு இறங்க முடியாவிட்டால் மொரிஷியசுக்கே திரும்ப வேண்டும், அதற்கான எரிபொருளையும் சுமந்துதான் வர வேண்டும். எரிபொருள் ஏறினால் ஆளோ பெட்டியோ குறைய வேண்டும். 70 இருக்கை இருக்கிறது என்பதால் 70 பேரும் போகலாம் என்று ஆகிவிடாது. படுத்தபடி போகும் நோயாளி ஒருவர் இருந்தால் ஸ்ட்ரெச்சரைப் பொருத்தவே பல இருக்கைகள் போய்விடும். மருத்துவர் ஏன் "நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஆகவே 2,100 மீட்டரில் புதிய ஓடுபாதை வருகிறது என்று கேட்டபோது மனதார மகிழ்ந்தேன். உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம் போன்றவற்றின் பணம் இதற்குள் இருக்கிறது. ஏர்பஸ் ஏ321 போன்ற விமானங்கள் இறங்கும் என்கிறார்கள். உங்கள் கோழி முட்டையும், தேனும், சிவப்பு அவரையும் வெளியே போகட்டும், பயணிகள் வரட்டும். அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நிலையத்தைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் கல் தரை, அதற்கடியில் இருக்கும் குகைகள், பக்கத்தில் ஆன்ஸ் கிட்டோர் இயற்கைக் காப்பகத்தின் அரிய செடிகள், இவற்றைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நீங்கள் கேட்க வேண்டும்.

எனக்குப் பயம் வேறு ஒரு கணக்கில். பெரிய விமானம் வந்ததும், இப்போது நாளுக்கு மூன்று நான்கு முறை வரும் சின்ன விமானங்களை நிறுத்திவிட்டு, ஒரே பெரிய விமானத்தில் எல்லோரையும் ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். இருக்கை எண்ணிக்கையில் அது சரியாகவே வரும். ஒரு இருக்கைக்கு ஆகும் செலவும் குறையும். சுற்றுலாப் பயணிக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை, அவர் ஒரு நாள் தள்ளிக்கூட வரலாம். காலை பத்து மணிக்கு நெஞ்சுவலி வந்தவருக்கு? விமானம் ஒன்பதுக்கே போயிருந்தால் அடுத்தது மறுநாள். வார்டில் வேலை பார்த்தவளுக்கு அந்த ஓர் இரவின் நீளம் தெரியும். நோயாளிக்கு இருக்கையின் எண்ணிக்கை முக்கியமில்லை, அடுத்த விமானம் எப்போது என்பதுதான் முக்கியம்.

நான் கேட்பது இதுதான். ஓடுபாதை நீளமாகட்டும், சின்ன விமானங்களும் காலை, மதியம், மாலை என்று பறந்துகொண்டே இருக்கட்டும். விமான நிறுவனங்களோடு ஒப்பந்தம் பேசும்போதே இதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு கெஞ்சிக் கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு விமானத்திலும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்குமாக இரண்டு இருக்கைகளைக் கடைசி நேரம் வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். துணை ஆள் இருக்கை சின்ன விஷயமாகத் தெரியும். மகளை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து, அறுவை சிகிச்சைத் தாளில் எதற்குக் கைநாட்டு வைக்கிறோம் என்று தெரியாமல் அழுத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

புதிய கட்டடத்தின் வரைபடத்தில் கட்டில் போட்ட ஓர் அறையும், ஆம்புலன்ஸ் நேராக விமானத்தடிக்குப் போக ஒரு தனி வாசலும் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி இழுத்து வரும் கூட்டத்தின் நடுவே சக்கர நாற்காலியில், தலைமேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். தன் நோயை ஊருக்கே காட்டிக்கொண்டு போக யாருக்கு மனம் வரும்?

இன்னொன்று. பழைய நிலையத்தில் வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள், பதிவு செய்யுங்கள். எரிபொருள் ஊற்றியவர், பெட்டி தூக்கியவர், காற்றுப் பையைப் பார்த்து வானிலை சொன்னவர். எந்த மாதம் தென்கிழக்குக் காற்று எப்படி அடிக்கும், எந்தப் புயலில் எது பெயர்ந்தது, 2003இல் கலுண்டே புயல் வந்து போனபின் என்னென்ன செய்தார்கள் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. இப்போதே பலருக்கு வயதாகிவிட்டது.

இதைத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் மனதில் உள்ளதைக் கோவில் பள்ளியில் படித்த மொழியில்தான் என்னால் முழுதாகச் சொல்ல முடிகிறது. பிரெஞ்சில் ஒரு படியை உங்கள் இரு அலுவலகங்களுக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் யாராவது ஒருவர் பதில் எழுதினால் போதும். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன், அடுத்த ஏடிஆரில்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்